இருநூற்றொன்றாம் பக்கம்

பாறைக்குட்டம் தெருவைப் பற்றிக் குருவம்மாள் எழுதிய நாவலுக்கு நான்கு ஓரத்திலும் ஒவ்வொரு அங்குலம் இடம் விட்ட மறுநாள் காலை, அந்தத் தெருவில் சாக்கடைக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்த வாசற்படிகளும், படிகளுக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்த தகரச் சாய்ப்புகளும், சாய்ப்புகளுக்கு அடியில் கட்டிக் கிடந்த ஆடுகளும் ஒரே சீராக உள்ளே தள்ளிப் போய், தெருவின் இரண்டு பக்கமும் நூல் பிடித்தாற்போல ஒரு வெற்று ஓரம் கிடந்தது. ஆக்கிரமிப்பை எடுக்க வந்த அதிகாரிகள் எத்தனை பேரோ அய்யாத்துரை கடையில் டீ குடித்துவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறார்கள். அந்த அய்யாத்துரையின் டீக்கடை பெஞ்சே உள்ளே போய், பாய்லருக்கும் சுவருக்கும் நடுவில் முழங்கால் மடக்க முடியாமல் நின்றது. ‘எவன் பாத்த வேலை இது’ என்று கொஞ்ச நேரம் சத்தம் போட்டார். அப்புறம் பாய்லரைத் திருப்பி வைத்துவிட்டு டீ ஆற்றத் தொடங்கினார், ஏனென்றால் கேட்டு நின்ற ஆட்களுக்கு டீதான் வேண்டியிருந்தது.

குருவம்மாள் கோர்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு வக்கீல் ஆபீசில் காலமெல்லாம் டைப் அடித்தவள். தெருவுக்கு அவள் டைப்பக்கா. பாகப்பிரிவினையும் விவாகரத்தும் அடித்து அடித்து, ஒரு கட்டத்தில், ஊரார் சண்டையையே இத்தனை வருஷம் அடித்தோமே, நம் தெருவை ஒரு தடவை அடித்துப் பார்த்தால் என்ன என்று தோன்றி, பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி வைத்து, வீடு வீடாக, ஆள் ஆளாக அத்தனையையும் எழுதி முடித்திருந்தாள். கையால் எழுதிய பிரதி என்று எதுவும் கிடையாது; நினைப்பதை நேராக அடிப்பதே அவள் பழக்கம்.

சென்னையில் ஒரு பதிப்பகம் புதியவர்களின் நாவல்களைக் கேட்டிருந்தது. கேட்டதோடு விட்டிருந்தால் பரவாயில்லை, எப்படி அனுப்ப வேண்டும் என்றும் சொல்லியிருந்தது. ஏ ஃபோர் தாள், ஒரு பக்கம் மட்டும், நான்கு ஓரமும் ஒரு அங்குலம், வரிக்கு வரி டபுள் ஸ்பேசிங், மொத்தம் இருநூறு பக்கம். இருநூறுக்கு மேல் ஒரு பக்கம் கூடினாலும் படிக்கப்படாது. மாசக் கடைசிதான் கெடு. குருவம்மாளுக்கு அதைப் படித்ததிலிருந்து சோறு இறங்கவில்லை. கோர்ட்டில் ஓரம் விடாத மனுவைத் திருப்பி எறிந்த ஆட்களை அவள் பார்த்திருக்கிறாள். எழுதியவன் கதறினாலும் ஓரம் ஓரம்தான்.

தெரு நகர்ந்ததற்கும் நாவலுக்கும் உள்ள தொடர்பை முதலில் கண்டுபிடித்தது அவள் வீட்டுக்காரர் ராமசுப்பு. பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கே நெருக்கினால் எங்கே இடம் கிடைக்கும் என்று பார்த்தவுடன் சொல்லுவார். ஓரத்தை ஒரு தரம் குறைத்துக் காட்டச் சொன்னார், அவள் குறைத்தாள், வெளியே படிகள் சாக்கடைக்கு மேல் வந்து நின்றன. மறுபடி கூட்டச் சொன்னார், உள்ளே போயின.

“ஏட்டி, பாத்து அடி. ஆள் நிக்கிற இடம்,” என்றார். அவ்வளவுதான் அவர் சொன்னது. பிறகு டீ குடிக்கப் போனார், போன இடத்தில் சும்மா இருக்காமல் சொல்லியும் விட்டார்.

டபுள் ஸ்பேசிங் வைத்த அன்று தெரு நீண்டுவிட்டது. வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரு வீட்டு அகலம் இடம் விழுந்து, ஒரே சுவரை இரண்டு பக்கமும் ஆணி அடித்துப் பிழைத்த குடும்பங்கள் ஆளுக்கொரு சுவரோடு தனித்தனியாக நின்றன. அடுத்த வீட்டுத் தாளிப்பு வாசம் வரவில்லை என்று இரண்டு நாள் வருத்தப்பட்டார்கள். மூன்றாம் நாள் அந்த இடைவெளிகளில் கொடி கட்டித் துணி காயப்போட்டார்கள், முருங்கைக் கம்பு நட்டார்கள், பைக் நிறுத்தினார்கள், அந்த இடம் யாருக்கு என்று சண்டை போட்டார்கள். சண்டை வந்துவிட்டால் பிறகு அது பழைய இடம் மாதிரிதான்.

இதில் குருவம்மாள் செய்த ஒரு தப்பும் சேர்ந்துகொண்டது. டைப் மெஷினில் பழகிய கை அல்லவா, ஒரு அத்தியாயம் முடிந்தால் அடுத்த பக்கத்துக்குப் போக என்டர் கட்டையைத் தட்டிக்கொண்டே போவாள், தாள் உருளுகிற மாதிரி. அந்த வெற்று வரிகளெல்லாம் இப்போது இரட்டித்து, அத்தியாயத்துக்கு அத்தியாயம் ஒரு பொட்டல் உண்டாகிவிட்டது. அதிலும் அவள் வீட்டுக்கு எதிரே விழுந்த பொட்டல் பெரியது. பையன்கள் ஸ்டம்பு நட்டார்கள், கோவில் கமிட்டி கொடை விழாவுக்கு வில்லுப்பாட்டு அங்கேதான் என்று முடிவு செய்தது, ஒரு வீட்டில் காதுகுத்துக்குச் சாமியானாவே போட்டுவிட்டார்கள்.

குருவம்மாளோ பக்க எண்ணையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இருநூறு எங்கே, இது எங்கே. வெற்று வரிகளை எடுத்தாக வேண்டும். சாமியானாவைப் பிரிக்கிறவரை பொறுத்திருந்து, அப்புறம் ஒவ்வொரு வரியாக எடுத்தாள். பொட்டல் சுருங்கச் சுருங்க, சமையல்காரர்கள் அண்டாவைத் தூக்கிக்கொண்டு தலைதெறிக்க ஓடினார்கள். பையன்கள் ஒரு வாரம் அவள் வீட்டுக் கேட்டில் பந்தை அடித்து எதிர்ப்பைத் தெரிவித்தார்கள்.

அப்படியும் இருநூறுக்குள் வரவில்லை. எதையாவது வெட்ட வேண்டும் என்ற செய்தி ராமசுப்பு வழியாக டீக்கடைக்குப் போனதும், தெருவே அவள் வாசலுக்கு வந்தது. குருவம்மாள் பயந்ததென்னவோ, ‘எங்களை வெட்டிராதீய’ என்று கெஞ்சுவார்கள் என்றுதான். வந்தவர்கள் வேறு கேட்டார்கள். ஒருத்தருக்கு மூல வியாதி, அதை எடுத்துவிட வேண்டுமாம். இன்னொருத்தர் ஓடிப்போன மகளின் பேச்சை எடுக்கச் சொன்னார். முத்துச்செல்வி சேலை முந்தியை வாயில் பொத்திக்கொண்டு நின்றாள்.

“டைப்பக்கா, எங்க வீட்டுக்காரரு குடிக்கிறத எழுதியிருக்கீயளாம்லா. அத எடுத்துருங்க. ஒங்களுக்கும் பக்கம் கொறயும், எனக்கும் புண்ணியமாப் போவும்.”

எடுத்தாள். அன்று சாயங்காலம் முத்துச்செல்வி புருஷன் ஒயின் ஷாப்பைப் பூட்டின பேங்கைக் கடப்பது போலக் கடந்து நேராக வீட்டுக்கு வந்தான். ஆனால் விஷயம் என்னவென்றால், அவன் குடித்ததே யாருக்கும் ஞாபகமில்லை. முத்துச்செல்விக்கும் இல்லை. அவள் மறுநாள் மறுபடி வந்து, புருஷன் குறட்டை விடுகிறான், அதையாவது எடுங்கள், எத்தனை தடவை கேட்பது என்று குறைபட்டுக்கொண்டாள். மூலம் போனவருக்கு மூலம் வந்ததே தெரியாது. குருவம்மாள் எத்தனை பேருடைய கஷ்டத்தை எடுத்துப் போட்டாலும் எடுத்தது அவளுக்கு மட்டும்தான் தெரிந்தது, ராமசுப்புவே, “ஏட்டி, ஒண்ணும் வெட்டாம என்னட்டி செய்யுத இத்தன நாளா?” என்று கேட்டார்.

தெரு நாளுக்கு நாள் நன்றாயிற்று, நாவல் நாளுக்கு நாள் நாசமாயிற்று. கடன் இல்லை, களவு இல்லை, கள்ள உறவு இல்லை. எல்லாரும் காலையில் எழுந்தார்கள், சாப்பிட்டார்கள், தூங்கினார்கள் என்று ஒரு நாவலை யார் படிப்பான் என்று குருவம்மாள் தலையில் கைவைத்தாள். இவ்வளவுக்கும் பிறகும் சில பக்கங்கள் கூடுதலாகவே இருந்தன. கெடுவுக்கு மிச்சம் ரெண்டோ மூணோ நாள்தான்.

அப்போதுதான் செல்லக்கனி வந்தாள். அடுத்த வீட்டுக்காரி, தீப்பெட்டி ஆபீசில் வேலை. அவளுக்கு ஒரே மகன், கார்த்தீசன். ஆறாம் வகுப்பு படிக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வெளியே கல் வெட்டின பள்ளத்தில் தண்ணீர் தேங்கிக் கிடந்த கல்கிடங்கில் குளிக்கப் போனவன், திரும்பி வரவில்லை. அந்த நாளைக் குருவம்மாள் ஒரு அத்தியாயமாக எழுதியிருந்தாள். நாவலிலேயே நல்ல அத்தியாயம் அதுதான் என்பது அவளுக்கும் தெரியும்.

செல்லக்கனி வாசலிலேயே நின்றாள். “எல்லாரும் என்னென்னமோ கேக்காவளாம். நானும் ஒண்ணு கேக்கேன் டைப்பக்கா. அந்த நாள எடுத்துருங்க. அவன் வரமாட்டான்னு எனக்குத் தெரியும். அந்த நாள் மட்டும் வேண்டாம். தீப்பெட்டி ஒட்டும்போதும் அதுதான், கண்ண மூடுனாலும் அதுதான். என்னால முடியல.”

குருவம்மாள் என்ன சொல்வாள்? பாவம் என்றுதான் நினைத்தாள், உண்மையாகவே நினைத்தாள். கூடவே, இந்த அத்தியாயம் போனால் கணக்குச் சரியாக இருநூறுக்குள் வந்துவிடும் என்றும் நினைத்தாள். இரண்டில் எது முதலில் வந்தது என்று பிற்பாடு எவ்வளவோ யோசித்துப் பார்த்தும் அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை.

மறுநாள் சாப்பாட்டுக்கு முன்னால் அந்த அத்தியாயத்தை முழுக்கக் கறுப்பாக்கி, கட் கொடுத்தாள். கட் என்றால் அவளுக்குக் கத்தரித்த தாள். கத்தரித்ததை மேஜை ஓரத்தில் வைத்திருப்போம், வேண்டுமென்றால் ஒட்டிக்கொள்ளலாம். பக்கம் நூற்றுத் தொண்ணூறுக்கும் கீழே வந்தது. எங்கே கை தவறிவிடுமோ என்ற பயத்தில் உடனே சேவும் பண்ணினாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு பசித்தது. ரசம் ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு, ஒரு கிண்ணத்தில் செல்லக்கனிக்கும் எடுத்துக்கொண்டு போனாள்.

செல்லக்கனி பாடிக்கொண்டிருந்தாள். ஏதோ பழைய பாட்டு, வரி தெரியாமல் ராகம் மட்டும். முகத்தில் பத்து வயசு குறைந்திருந்தது. நாற்காலி போட்டு ஏறிச் சுவரில் மாட்டியிருந்த படத்தைக் கழற்றிக் கீழே வைத்து, அதன் பிளாஸ்டிக் மாலையைத் தனியே எடுத்துக்கொண்டிருந்தாள்.

“வாங்க டைப்பக்கா. இங்கன பாருங்களேன், இது யாரு வீட்டுப் பிள்ளைன்னு தெரியுதா? எங்க செவுத்துல யாரு மாட்டுனாவன்னு தெரியல. சின்னப் பிள்ளைக்குப் போயி மாலைய வேற போட்டு வச்சிருக்காவ. பெத்தவ பாத்தா வயிறெரிவாள்லா.”

குருவம்மாளின் கையிலிருந்து ரசம் வழிந்து சேலையெல்லாம் ஆனது. நாவலில் கார்த்தீசன் வருவது அந்த ஒரு நாளில் மட்டும்தான். அவன் பிறந்ததை அவள் எழுதவில்லை, நடந்ததை, பல் விழுந்ததை, பரீட்சையில் காப்பி அடித்து மாட்டியதை எதையும் எழுதவில்லை. செத்ததை மட்டும் எழுதியிருந்தாள். அதை எடுத்தால் அவனும் சேர்ந்து போய்விட்டான்.

வீட்டுக்கு ஓடினாள். நாற்காலியில் உட்கார்ந்து கட்டையில் விரலை வைக்கவும் கரண்ட் போகவும் சரியாக இருந்தது. திரை இருண்டது, மின்விசிறி நின்றது. மத்தியானக் கரண்ட் கட் தெருவுக்குப் புதிதில்லை. அய்யாத்துரை கடையில் யாரோ வழக்கம்போல வைதார்கள். அவள் மட்டும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. கரண்ட் வந்து, கம்ப்யூட்டர் ஆடி அசைந்து எழுந்து, நாவலைத் திறந்தால், அத்தியாயம் போன இடத்தில் வெட்டின தடம்கூட இல்லை. ஒட்டிப் பார்த்தாள், ஒன்றும் வரவில்லை. மேஜை ஓரத்தில் வைத்த தாள் இல்லை அது, கரண்டோடு போய்விட்டது.

“என்னங்க, கார்த்தீசன ஒங்களுக்கு ஞாபகம் இருக்கா?” என்று திரும்பிக் கேட்டாள்.

“யாரு, டிரைவர் கார்த்தீசனா?” என்றார் ராமசுப்பு. பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

உலகத்தில் அந்தப் பையன் இருந்தது இப்போது தனக்கு மட்டும்தான் தெரியும், தானும் மறந்தால் அவன் பிறக்கவே இல்லை என்று ஆகிவிடும் என்பது அப்போதுதான் அவளுக்கு முழுதாக உறைத்தது. ஈரச் சேலையை மாற்றாமல் அடிக்க ஆரம்பித்தாள். ‘அன்று ஞாயிற்றுக்கிழமை’ என்று அடித்ததும் அடுத்த வீட்டில் பாட்டு நின்றது. அவன் போட்டிருந்த நீல டவுசரை அடித்தபோது ஏதோ பாத்திரம் விழுந்து உருண்டது. கூடப் போன பையன்கள் தெரு முனையிலிருந்து கத்திக்கொண்டே ஓடிவந்ததை அடித்தபோது, செல்லக்கனி போட்ட அலறலில் அய்யாத்துரை பாய்லரை அப்படியே விட்டுவிட்டு வந்தார், தெருவில் ஆணும் பெண்ணும் அந்த வீட்டு வாசலில் கூடினார்கள், ராமசுப்பு பேப்பரை மடித்து வைத்துவிட்டு, “பாவம், அந்தப் பய நெனப்பு வந்துட்டு போல,” என்று எழுந்து போனார். குருவம்மாள் அழுதுகொண்டே அடித்தாள். அழுவதற்காக விரல் நிற்கவில்லை, நின்றால் விட்டுப்போகும்.

வானத்தைப் பற்றியும் கல்கிடங்குப் பாறையின் நிறத்தைப் பற்றியும் அவள் முன்பு எழுதியிருந்த பத்திகள் ஒன்றும் ஞாபகம் வரவில்லை. வராததில் யாருக்கும் நட்டமில்லை. ஆள் சம்பந்தப்பட்டது எதையும் விடவில்லை என்றுதான் நினைத்தாள். அத்தியாயம் முன்னைவிடச் சிறியதாக முடிந்து, மொத்த நாவலும் இருநூறாம் பக்கத்தின் அடிவரியில் போய் நின்றது. ஆனாலும் மனசு அடங்கவில்லை. எங்கோ ஒரு வரி குறைகிறது என்று உறுத்திக்கொண்டே இருந்தது, எது என்றுதான் தெரியவில்லை.

மறுநாள் காலை செல்லக்கனி வந்தாள். கண் வீங்கியிருந்தது, தலை வாரவில்லை.

“அந்த நாள எடுத்துருவீயன்னு நெனச்சேன். எடுக்கலையா டைப்பக்கா?”

“இல்லட்டி.”

“ஏன்?”

“எடுத்தா அவனும் போயிருவான். வேற எங்கயும் அவன நான் எழுதல. எழுதியிருக்கணும். எந் தப்புதான்.”

செல்லக்கனி தரையில் உட்கார்ந்தாள். அவிழ்ந்து கிடந்த முடியை அள்ளி முடிந்தாள். கடைசியில், “அப்போ இருந்துட்டுப் போட்டும்,” என்றாள். “எடுக்காதீய.” பிறகு கொஞ்சம் முன்னால் நகர்ந்தாள். “ஒண்ணு கேக்கணும். அன்னைக்கு வாசல்ல நின்னு செருப்ப மாட்டிக்கிட்டே என்னமோ சொன்னாம்லா. நெதமும் எனக்குக் காதுல கேக்கும். நேத்துலருந்து வரமாட்டேங்கு. வாய் அசையுது, சத்தம் வரல. நீங்க எழுதியிருப்பீயல்லா, பாத்துச் சொல்லுங்களேன்.”

உறுத்திய வரி அதுதான். செல்லக்கனியே எப்போதோ சொல்லிக் கேட்டு, அப்படியே எழுதியது. குருவம்மாளுக்கு அது ஒரு எழுத்து விடாமல் மறந்து போயிருந்தது. அவளிடம் இல்லையென்றால் அது செல்லக்கனியிடமும் இல்லை, வேறு யாரிடமும் இல்லை.

“இருட்டி, பாக்கேன்,” என்று திரைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தேடுவது போலப் பக்கங்களை மேலும் கீழும் ஓட்டினாள். பசியோடு குளிக்கப் போகிற ஒரு பையன் அம்மாவிடம் என்ன சொல்லுவான்? பெரிதாக ஒன்றும் சொல்லமாட்டான். திரும்பி வரப்போகிறவன்தானே. அவன் வாசலில் செருப்பை மாட்டுகிற இடத்துக்குப் போய், தானாக ஒரு வரியை அடித்தாள்.

பின்னால் செல்லக்கனி, திரையைப் பார்க்காமலே, எழுந்து நின்றாள்.

“எம்மா, இப்பமே ஊத்திராத, ஆறிரும். நான் வந்தப்பொறவு ஊத்து,” என்றாள். அப்படியே மார்பில் கையை வைத்துக்கொண்டாள். “தோசைக்குச் சொன்னான் டைப்பக்கா! அடுப்பப் பத்த வச்சிட்டேன், ஊத்தாதன்னு சொல்லிட்டுப் போனான். அதேதான். ஒரு எழுத்து மாறல.” அழுகையும் சிரிப்புமாக அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு, மறுபடி தவறிவிடக் கூடாதே என்று வாயை மூடாமல், வீட்டுக்குப் போனாள்.

குருவம்மாள் திரையைப் பார்த்தாள். நடுவில் ஒரு வரி நுழைந்ததால் எல்லாம் ஒவ்வொரு வரி கீழே தள்ளப்பட்டு, நாவலின் கடைசி வரி மட்டும் இருநூற்றொன்றாம் பக்கத்தில் தனியாக விழுந்திருந்தது. வேறு எங்கேயாவது ஒரு வரியை எடுக்கலாம்தான். யாருடைய வரியை? ஒவ்வொரு வரியாகப் பார்த்துக்கொண்டு வந்தாள், ஒவ்வொன்றிலும் யாராவது நின்றார்கள். எடுத்தால் நோகாமல் எடுக்கக்கூடியது, நேற்றுவரை இல்லாதது, தான் சற்றுமுன் இட்டுக்கட்டிய அந்த ஒன்றுதான். கட்டையில் விரல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து, அப்படியே பிரிண்ட் எடுத்து, இருநூற்றொரு பக்கத்தையும் கட்டி, தபாலில் சேர்த்துவிட்டு வந்தாள். படிக்கமாட்டார்கள் என்று தெரியும். அவள் வாழ்நாளில் விதியை மீறி அனுப்பிய முதல் கட்டு அது.

திரும்பி வரும்போது செல்லக்கனி வீட்டு வாசலில் முத்துச்செல்வி உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். படம் பழையபடி சுவரில் இருந்தது.

“அப்படியா சொன்னான்?” என்றாள் முத்துச்செல்வி, கண்ணைத் துடைத்தபடி. “தோசை ஆறிரும்னா?”

“நம்பலன்னா டைப்பக்காட்ட கேளு. எழுதியே வச்சிருக்காவ,” என்றாள் செல்லக்கனி.

இருவரும் அவளை நிமிர்ந்து பார்த்தார்கள்.

“ஆமா,” என்றாள் குருவம்மாள். “அப்படித்தான் சொன்னான்.”